சுருள் வாள் மரவேலை

சுருள் வாள் மரவேலை என்பது மிக மெல்லிய பிளேடு கொண்ட வாளால் மரப்பலகையில் வளைவுகளையும் நுண்ணிய உருவங்களையும் அறுத்தெடுக்கும் கைவினை ஆகும். ஸ்க்ரோல் சா என்று கடைகளில் வழங்கும் மின்பொறியாலோ, வில்போன்ற சட்டம் உடைய கைவாளாலோ இவ்வேலை செய்யப்படுகிறது. பெயர்ப்பலகை, புதிர்ப்பலகை, விளக்குமாடம், படச்சட்டம், பொம்மை, கொலு அலங்காரம் முதலிய பரிசுப்பொருட்களை வீட்டிலேயே செய்வதற்கு ஏற்ற பொழுதுபோக்காக இது உலகின் பல நாடுகளில் விளங்குகிறது. குறைந்த இடம், குறைந்த மரம், குறைந்த இரைச்சல் ஆகியன இதன் சிறப்புகள்.

இக்கட்டுரை இக்கலையின் பொது முறைகளையும், புதுச்சேரி போன்ற கடலோர நகரம் ஒன்றில் இதனை மேற்கொள்ளும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் விளக்குகிறது.

பெயர்

தமிழ்நாட்டுத் தச்சர்கள் அறுக்கும் கருவியை வாள் என்றும் ரம்பம் என்றும் அழைப்பர். சுருள் சுருளான கோடுகளை அறுக்க உதவுவதால் இவ்வகைப் பொறி சுருள் வாள் எனப்படுகிறது. இதன் கைக்கருவி வடிவம் ஃபிரெட் சா ஆகும். பிரெஞ்சு மொழியில் இவ்வகை வாளைச் சீ ஆ ஷான்டூர்னே என்பர். வளைவாக அறுத்தெடுத்தல் என்பதே அச்சொல் குறிக்கும் வினை.

கையில் பிடித்து நகர்த்தும் ஜிக் சா என்னும் பொறியும் சுருள் வாளும் வெவ்வேறானவை. ஜிக் சாவில் பலகை நிலையாக இருக்கப் பொறி நகர்கிறது. சுருள் வாளில் பொறி நிலையாக இருக்கப் பலகை நகர்த்தப்படுகிறது. பட்டை வாளில் பிளேடு முடிவற்ற வளையமாக இருப்பதால், பலகையின் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு செல்லாமல் உட்பகுதியை மட்டும் அறுத்தெடுக்க இயலாது. சுருள் வாளில் பிளேட்டின் ஒரு முனையைக் கழற்றி, பலகையில் இட்ட துளை வழியே செலுத்தி, மீண்டும் பூட்டலாம். இக்கலையின் அடிப்படை இந்த ஒரு வசதியே ஆகும்.

வரலாறு

ஐரோப்பாவில் மெல்லிய மரத்தகடுகளை வெட்டிப் பதிக்கும் பதிப்பு வேலையிலிருந்து இக்கலை வளர்ந்தது. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்குப் பணியாற்றிய ஆந்த்ரே-சார்ல் பூல் (1642-1732) பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே தடவையில் அறுத்துப் பதிக்கும் முறைக்குப் பெயர் பெற்றவர். ஒரே அறுப்பில் ஒன்றுக்கொன்று எதிரிடையான இரு வடிவங்கள் கிடைப்பது இம்முறையின் பயன். பல பலகைகளை அடுக்கி அறுக்கும் இன்றைய வழக்கமும் இக்கருத்தை ஒட்டியதே.

இலண்டனைச் சேர்ந்த வரைபடச் செதுக்கர் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகள் வழியே அறுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்விக் கருவியாக விற்றார். இவையே வெட்டுப் புதிர்களின் முன்னோடி எனக் கருதப்படுகின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலால் மிதித்து இயக்கும் பொறிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவின. இங்கிலாந்தில் 1895இல் தொடங்கப்பட்ட ஹாபீஸ் இதழ், அறுப்பதற்கான வரைபடங்களை வெளியிட்டு இவ்வேலையை நடுத்தரக் குடும்பங்களின் பொழுதுபோக்காக்கியது. மின்னோடி பொருத்திய பொறிகள் 20ஆம் நூற்றாண்டில் வந்தன. பிளேட்டின் இழுவிசையைச் சீராக வைத்திருக்கும் இணைகரப் பொறிகள் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பரவலான பின், பிளேடு அடிக்கடி முறிவது குறைந்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

தெற்காசியாவில் இதனோடு உறவுடைய பல மரபுகள் உள்ளன.

- மைசூர் ஈட்டிமரப் பதிப்பு வேலை: வெவ்வேறு நிறமுடைய மரத் துண்டுகள் நுண்ணிய வாளால் அறுக்கப்பட்டு ஈட்டிப் பலகையில் பதிக்கப்படுகின்றன. முற்காலத்தில் தந்தமும் பதிக்கப்பட்டது. தந்த வணிகம் தடை செய்யப்பட்ட பின் மரமும் பிற பொருட்களும் அதன் இடத்தைப் பிடித்தன. இக்கலை புவிசார் குறியீடு பெற்றதாகும்.
- சகாரன்பூர் மரவேலை: உத்தரப் பிரதேசத்தின் இந்நகரில் சீசம் மரத்தில் சாளரம் போன்ற துளைவேலைப்பாடு செய்யப்படுகிறது.
- இலங்கை: குடியேற்றக் கால வீடுகளில் கதவு, சன்னல் ஆகியவற்றின் மேல் காற்றோட்டத்திற்காகப் பூவேலைப்பாடுடன் துளையிட்டு அறுத்த பலகைகள் பொருத்தப்பட்டன. கூரை விளிம்பில் தொங்கும் அலங்காரப் பலகைகளும் இவ்வகையினவே.

தமிழ்நாட்டின் தம்மம்பட்டி, அரும்பாவூர், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களின் புகழ்பெற்ற மரச்சிற்பங்கள் உளியால் செதுக்கப்படுபவை. அவை முப்பரிமாணச் சிற்பங்கள். சுருள் வாள் வேலை பெரும்பாலும் தட்டையான பலகையில் உருவத்தின் வெளிக்கோட்டையும் வெற்றிடத்தையும் கொண்டே அழகை உண்டாக்குவது. ஆகவே இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

பொறியின் அமைப்பு

சுருள் வாள் பொறியில் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

- மேல் கரமும் கீழ்க் கரமும்: இவற்றின் முனைகளுக்கிடையே பிளேடு செங்குத்தாகப் பூட்டப்படும்.
- மேசை: பலகையை வைத்து நகர்த்தும் தளம். பெரும்பாலான பொறிகளில் இதனைச் சாய்த்துக்கொள்ளலாம்.
- இழுவிசைத் திருகு: பிளேட்டை இறுக்கவும் தளர்த்தவும் உதவுவது.
- அழுத்துகால்: அறுக்கும்போது பலகை துள்ளாமல் தடுப்பது.
- ஊதுகுழல்: கோட்டின் மேல் சேரும் மரத்தூளை ஊதி அகற்றுவது.
- மின்னோடி: பிளேட்டை மேலும் கீழும் இயக்குவது. வேகத்தை மாற்றக்கூடிய பொறிகளில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முதல் 1,800 தடவை வரை அமையும்.

பிளேட்டுக்கும் பொறியின் பின்தூணுக்கும் இடையேயுள்ள தொலைவு கழுத்தாழம் எனப்படும். பொறியின் அளவு இதனைக் கொண்டே குறிக்கப்படுகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு 16 அங்குலப் பொறி பொதுவாகப் போதுமானது. 16 அங்குலப் பொறியில், பலகையை முழுவதுமாகச் சுழற்ற வேண்டுமாயின், பிளேட்டிலிருந்து பலகையின் மிகத் தொலைவான மூலைவரை 16 அங்குலத்துக்குள் இருத்தல் வேண்டும்.

பிளேடு

பொதுவாகப் பயன்படும் பிளேட்டின் நீளம் 5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 127 மி.மீ. முனைகளைக் கொண்டு இரு வகைகள் உண்டு.

- ஊசிமுனைப் பிளேடு: இரு முனைகளிலும் குறுக்கே சிறு ஊசி இருக்கும். மாட்டுவது எளிது. ஆனால் அந்த ஊசி நுழைவதற்கு ஏறத்தாழ 5 மி.மீ துளை தேவைப்படுவதால் நுண்ணிய உள்வெட்டுகளுக்கு உதவாது.
- வெறுமுனைப் பிளேடு: திருகால் இறுக்கிப் பிடிக்கப்படும். 1 மி.மீ அளவேயான துளையிலும் மெல்லிய பிளேட்டை நுழைக்கலாம். கோலம், எழுத்து போன்ற வேலைகளுக்கு இதுவே ஏற்றது.

பிளேட்டின் பருமன் எண்ணால் குறிக்கப்படும். 2/0 மிகவும் மெல்லியவற்றுள் ஒன்று, 12 தடித்தது. எண் 5 பிளேடு ஏறத்தாழ 1 மி.மீ அகலமும் 0.4 மி.மீ தடிப்பும் உடையது. 3 மி.மீ ஒட்டுப்பலகைக்கு எண் 1 முதல் 3 வரையும், 12 முதல் 18 மி.மீ வரையுள்ள பலகைக்கு எண் 5 முதல் 7 வரையும் பயன்படுத்துவது வழக்கம்.

பற்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பிளேட்டைப் பூட்ட வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் பலகை ஒவ்வொரு மேலியக்கத்திலும் மேலே தூக்கப்பட்டுத் துள்ளும். பல பிளேடுகளில் தயாரிப்பின்போது ஒரு பக்கத்தில் சிறு பிசிறு எஞ்சுவதால் அவை நேராக வெட்டாமல் ஒருபுறமாக இழுக்கும். புதியவர்கள் இதனைத் தம் கைப்பிழை என எண்ணுவர். பலகையைச் சற்றே சாய்வாகத் தள்ளினால் இது சரியாகும்.

மரம்

தொடக்கநிலையில் 3 முதல் 6 மி.மீ வரையான ஒட்டுப்பலகை சிறந்தது. இதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் மெல்லிய பகுதிகளும் எளிதில் முறிவதில்லை. திட்டமரத்தில் இழையோட்டத்திற்குக் குறுக்காக அமையும் மெல்லிய பாலங்கள் முறிந்துவிடும். எனவே வடிவத்தின் நீண்ட, ஒடுங்கிய பகுதிகள் இழையோட்டத்தின் திசையில் அமையுமாறு படத்தை ஒட்ட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கிடைக்கும் சில மரங்களின் தன்மைகள் வருமாறு.

- தேக்கு: நிலைத்த தன்மை உடையது. இதிலுள்ள மணற்சத்து பிளேட்டை விரைவில் மழுக்கும்.
- பலா: மஞ்சள் நிறம் கொண்டது. வெளிச்சத்தில் நாளடைவில் பழுப்பாக மாறும். பரிசு பெறுவோரிடம் இதனை முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று.
- பூவரசு: கருமை கலந்த பழுப்பு நிற வைரம் உடையது. சிறு பெட்டிகளுக்கு ஏற்றது.
- மா: மலிவானது. நன்கு உலராவிடில் முறுக்கிக்கொள்ளும். பூச்சி எளிதில் தாக்கும்.
- வேம்பு: பரவலாகக் கிடைப்பது. சில துண்டுகளில் இழையோட்டம் பின்னியிருப்பதால் மெருகிடுதல் கடினம்.

பொதிப்பெட்டிகளின் பைன் மரத்தையும் பயன்படுத்தலாம். பன்னாட்டு வணிகத்தில் பயன்படும் பொதிமரத்தில் முத்திரை இருக்கும். எச்.டி எனக் குறிக்கப்பட்டவை வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டவை. எம்.பி எனக் குறிக்கப்பட்டவை மெத்தில் புரோமைடு வளியால் புகையூட்டப்பட்டவை. இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஈட்டிமரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 தொடக்கத்தில் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செம்மரம் அதற்கு முன்பே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. பிரான்சில் உறவினர் உடைய புதுச்சேரிக் குடும்பங்கள் பல. அவர்களுக்கு அனுப்பும் பரிசுகளை இம்மரங்களில் செய்வதைத் தவிர்த்துப் பலா, தேக்கு, பூவரசு போன்றவற்றில் செய்வது சுங்கச் சிக்கலைக் குறைக்கும்.

செய்முறை

1. படத்தைத் தாளில் அச்சிட்டு, அறுத்து நீக்க வேண்டிய பகுதிகளை நிழலிட்டுக் குறிக்க வேண்டும்.
2. பலகையின் மேல் ஒட்டுநாடாவைப் பரப்பி, அதன்மேல் படத்தை ஒட்ட வேண்டும். வேலை முடிந்தபின் தாள் எளிதில் உரிந்து வரும். நாடா பிளேட்டின் உராய்வைக் குறைத்து மரம் கருகாமலும் காக்கும்.
3. நீக்க வேண்டிய ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துளை இட வேண்டும். பலகையின் அடியில் கழிவுப்பலகை வைத்தால் துளையின் அடிப்புறம் பிளவாது.
4. உட்பகுதிகளை முதலிலும் வெளிவிளிம்பை இறுதியிலும் அறுக்க வேண்டும். வெளிவிளிம்பை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இராது.
5. நடுப்பகுதியிலுள்ள சிறிய வெட்டுகளிலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் செல்வது பலகையின் வலிமையைக் கடைசிவரை காக்கும்.
6. உப்புத்தாளால் 120, 180, 240 என்னும் வரிசையில் தேய்க்க வேண்டும்.
7. அரக்கு மெருகு, ஆளிவிதை எண்ணெய், மெழுகு ஆகியவற்றுள் ஒன்றைப் பூச வேண்டும்.

கூர்மையான மூலைகளில் பலகையைத் திடீரெனத் திருப்பினால் பிளேடு முறியும். பிளேட்டின் முதுகுப்புறம் மரத்தை இலேசாகத் தொடுமாறு பின்னிழுத்து, அதே இடத்தில் திருப்புவதே முறை. பலகையைத் தள்ளும் வேகத்தைப் பிளேடே தீர்மானிக்க வேண்டும். பிளேடு பின்புறம் வளைந்தால் தள்ளும் விசை மிகுதி என அறியலாம்.

தமிழ் எழுத்தும் கோலமும்

பெயர்ப்பலகை இப்பொழுதுபோக்கில் மிகுதியாகச் செய்யப்படும் பரிசு ஆகும். உரோமன் எழுத்துகளுக்கென வரையப்பட்ட வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் தமிழில் சில இடர்கள் தோன்றும்.

தமிழில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி தனித்து நிற்கிறது. கா, கொ, கோ போன்ற உயிர்மெய்களில் கால், கொம்பு ஆகியன எழுத்தோடு ஒட்டாமல் நிற்கும். எழுத்தையே மரத்தில் அறுத்தெடுத்தால் இவை தனித்தனித் துண்டுகளாகிவிடும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

- எழுத்துகளையும் புள்ளிகளையும் ஒரு பின்பலகையில் ஒட்டுதல்.
- எழுத்துகளின் அடியில் ஒரு தொடர்க்கோட்டை வைத்து எல்லா உறுப்புகளையும் அதனோடு இணைத்தல். புள்ளியை எழுத்தின் தலையோடு சிறு பாலத்தால் இணைத்தல்.
- எழுத்துகளை வெற்றிடமாக வெட்டுதல். அப்போது புள்ளி ஒரு வட்டத்துளையாகவே அமைவதால் இடர் இல்லை.

மூன்றாம் முறையில் வேறோர் இடர் உண்டு. ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் மூடிய சுழிகளுக்குள் இருக்கும் மரம், சுற்றிலும் வெட்டப்பட்டதும் கீழே விழுந்துவிடும். அதனைப் பலகையோடு பிணைக்க ஒரு சிறு பாலம் விட வேண்டும். இதனால் எழுத்தின் வடிவம் சற்றே சிதையும். படிக்கும் தெளிவு கெடாத இடத்தில் பாலத்தை அமைப்பது வரைபவரின் திறன்.

கோலத்திலும் இதே சிக்கல் எழுகிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்கிறது. கோட்டை மரமாக வைத்து இடைவெளிகளை நீக்கினால், கோடு தன்னைத்தானே பல இடங்களில் வெட்டிக்கொள்வதால் முழு வடிவமும் ஒரே துண்டாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு அறையின் நடுவிலும் உள்ள புள்ளி எதனோடும் ஒட்டாமையால் விழுந்துவிடும். மாறாகக் கோட்டை வெட்டி எடுத்தால், அறைகள் எல்லாம் தனித்தனியே உதிர்ந்துவிடும். எனவே மரவேலையில் கோட்டை மரமாக வைத்துப் புள்ளிகளைப் பின்பலகையில் ஒட்டுவதோ, புள்ளிகளை விட்டுவிடுவதோ வழக்கமாகக் கொள்ளத்தக்கது. 5 புள்ளி, 7 புள்ளிக் கோலங்கள் தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றவை. கோட்டின் அகலம் பலகையின் தடிப்பைவிடக் குறையாமல் இருந்தால் அது கையாளும்போது முறிவதில்லை.

சாய்வுப் பதிப்பு

இரு வேறு நிறப் பலகைகளை அடுக்கி, மேசையைச் சாய்த்து, ஒரே வெட்டில் அறுத்தால் ஒரு பலகையின் துண்டு மற்றப் பலகையின் துளையில் இடைவெளியின்றி இறுகிப் பொருந்தும். இதற்குரிய சாய்வுக் கோணம், வெட்டின் அகலத்தைப் பலகையின் தடிப்பால் வகுத்துக் கிடைக்கும் சைன் மதிப்பிலிருந்து பெறப்படும். காட்டாக, வெட்டு 0.4 மி.மீ, பலகை 6 மி.மீ எனில் மதிப்பு 0.067, கோணம் ஏறத்தாழ 3.8 பாகை. 3 மி.மீ பலகைக்குக் கோணம் ஏறத்தாழ 7.7 பாகை ஆகும். உண்மையான வெட்டின் அகலம் பிளேட்டின் தடிப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதால், கழிவுத் துண்டுகளில் சோதித்துக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். வெட்டு முழுவதும் பலகையை ஒரே திசையில் மட்டும் சுழற்ற வேண்டும். திசை மாறினால் சாய்வும் மாறித் துண்டு பொருந்தாது.

புதுச்சேரியில்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவுற்றது. நகரின் பழைய பகுதி ஒரு கால்வாயால் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு முறை வீடுகளும், மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளும் அமைந்தன. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகளும் இங்கு உண்டு. செதுக்குக் கதவுகள், மரத்தூண்கள், சரிவுச் சட்டங்கள் கொண்ட சன்னல்கள் ஆகியன இவ்வீடுகளில் தச்சர்களின் கைத்திறனைக் காட்டுகின்றன. தமிழ்ப் பகுதியின் வைசியாள் வீதி வீடுகளின் புதுப்பிப்பு, யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் 2008இல் இடம்பெற்றது.

பழைய கட்டடங்கள் பேணப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நகர்மன்றக் கட்டடமான மேரி ஒரு சான்று. கடற்கரைச் சாலையிலிருந்த இது 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. வீடு இடிக்கப்படும்போது சுவர் மட்டுமன்றி, அதிலிருந்த மரவேலையின் வடிவங்களும் மறைகின்றன. ஒரு கம்பிச் சட்டத்தின் சுருளையோ கதவின் பூவையோ ஒளிப்படமாக எடுத்து, அளவோடு வரைந்து, பலகையில் அறுத்து வைப்பது பொழுதுபோக்காளர் செய்யக்கூடிய எளிய ஆவணப்பணி ஆகும். புதுச்சேரி கைவினைகளுள் வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. மரவேலை அவ்வாறு தனியடையாளம் பெறாவிடினும் நகரின் வீடுகளில் அது எங்கும் காணக்கிடைக்கிறது.

நகரின் சில அடையாளங்களின் நிழலுருவம் இக்கலைக்கு மிகப் பொருத்தமானது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட ஆயி மண்டபம், 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், தூயநெஞ்சப் பேராலயத்தின் கூர்வளைவுகள் ஆகியவற்றை எளிய கோடுகளில் வரைந்து அறுக்கலாம்.

காலநிலை

கடற்காற்றின் உப்பும் ஈரமும் வார்ப்பிரும்பு மேசையையும் பிளேடுகளையும் துருப்பிடிக்கச் செய்யும். மேசையில் மெழுகு பூசுவதும், பிளேடுகளை எண்ணெய் தடவிய காற்றுப்புகா டப்பாவில் வைப்பதும் நலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரத்தை ஈர்த்து உப்பும். மழைக்காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய பெட்டிமூடி கோடையில் தளர்ந்துவிடும். கோடையில் இறுக்கமாகச் செய்த மூடி மழையில் திறக்க வராது. பருவம் அறிந்து இடைவெளி விடுவது அவசியம்.

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல் முந்திரி, பலா முதலிய மரங்களை ஏராளமாக வீழ்த்தியது. 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது நகரில் பெருமழை பெய்தது. புயலில் சாய்ந்த மரங்கள் பெரும்பாலும் விறகாகிவிடுகின்றன. உரிமையாளரின் இசைவோடு பெற்ற கிளைகளைப் பலகையாக்கி, முனைகளில் வண்ணம் பூசி, நிழலில் அடுக்கி உலர்த்தினால் அவை பரிசுப்பொருளாகும். ஓர் அங்குலத் தடிப்புப் பலகை உலர ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பது தச்சர்களின் பொது வழக்கு. ஒரு வீட்டின் முற்றத்தில் வீழ்ந்த பலா மரத்தில் செய்த பெயர்ப்பலகையை அவ்வீட்டாருக்கே வழங்குவது கடையில் வாங்கும் பரிசால் ஈடுசெய்ய இயலாதது.

மின்னிணைப்பு

பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொறிகள் 230 வோல்ட், 50 ஏர்ட்ஸ் மின்னோட்டத்திற்கானவை. இந்தியாவிலும் இவையே உள்ளன. ஆயினும் பிரெஞ்சுச் செருகியில் புவித்தொடர்பு துளையாக அமைந்துள்ளது. இந்தியச் செருகுமுளைத் துளையில் அதனை நேரடியாகச் செருகினால் பொறி ஓடும். ஆனால் புவித்தொடர்பு கிடைக்காது. உலோக உடல் கொண்ட பொறியில் இது உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். மின்பணியாளரைக் கொண்டு மூன்றுமுளைச் செருகியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பொறிகள் 120 வோல்ட்டுக்கானவை. மின்மாற்றி இன்றி இணைத்தால் எரிந்துவிடும்.

பரிசுப்பொருட்கள்

- நவராத்திரி: கொலுப்படிக்கான சிறு மரங்கள், வளைவுகள், தாம்பூலத்துடன் வழங்கும் கோலத் தட்டடிகள்.
- கிறித்துமசு: குடிலுக்கான உருவங்கள், விண்மீன் விளக்குகள்.
- பொங்கல்: பானை, கரும்பு வடிவச் சுவர் அலங்காரம்.
- திருமணம்: மணமக்களின் பெயர்ப்பலகை, நகைப்பெட்டி.
- பிள்ளைகளுக்கு: உயிரெழுத்துப் புதிர், இந்திய மாநிலப் புதிர், விலங்கு உருவங்கள்.

நான்கு ஒட்டுப்பலகைகளை அடுக்கி ஒரே தடவையில் அறுத்தால் ஒரே மாதிரியான நான்கு பொருட்கள் கிடைக்கும். கொலுவிற்கு வரும் பலருக்கும் தாம்பூலம் வழங்குவோருக்கு இம்முறை உதவும். பலகையின் பின்புறத்தில் மரத்தின் பெயரையும் செய்த ஆண்டையும் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் கழன்று வரக்கூடிய சிறு துண்டுகள் இருத்தல் ஆகாது. 31.7 மி.மீ விட்டமுடைய சோதனை உருளைக்குள் முழுவதும் அடங்கும் துண்டு விழுங்கும் அளவினதாகக் கருதப்படும். பொம்மைகளை விற்பனை செய்ய விரும்புவோர், 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணையை அறிந்திருக்க வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு இதில் விலக்கு அளிக்கப்பட்டது.

பாதுகாப்பு

சுழலும் வட்டவாளோடு ஒப்பிடுகையில் சுருள் வாள் தீங்கு குறைந்தது. விரலைக் கொய்யும் விபத்துகள் அரிது. இதனாலேயே மரத்தூளின் தீங்கு கவனிக்கப்படாமல் போகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995இல் வகைப்படுத்தியது. மூக்கறை, மூக்கைச் சூழ்ந்த எலும்பறைகள் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோயோடு இது தொடர்புடையது. தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் தோல் ஒவ்வாமையும் உண்டாக்கும்.

பொறியின் ஊதுகுழல் தூளைக் கோட்டிலிருந்து அகற்றுகிறதே அன்றி, அறையிலிருந்து அகற்றுவதில்லை. மாறாக, நுண்தூளை முகத்துக்கு நேராகக் காற்றில் பரப்புகிறது. ஆகவே கீழ்க்கண்டவை இன்றியமையாதவை.

- நுண்தூளை வடிக்கும் முகமூடி. கைக்குட்டை போதாது.
- பொறியின் அடியில் தூசு உறிஞ்சியை இணைத்தல்.
- படுக்கையறையிலும் குழந்தைகள் உறங்கும் அறையிலும் அறுக்காதிருத்தல். திண்ணை, மொட்டைமாடி போன்ற திறந்த இடங்கள் ஏற்றவை.
- தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல்.
- கண்ணாடி அணிதல். முறிந்த பிளேடு தெறிக்கக்கூடும்.
- தொங்கும் துப்பட்டா, முந்தானை, தளர்ந்த கைச்சட்டை ஆகியவற்றைச் செருகிக்கொள்ளுதல்.
- பிளேடு மாற்றும்போது செருகியைக் கழற்றுதல்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

லேசர் வெட்டும் சுருள் வாளும்

கணினியால் இயங்கும் லேசர் வெட்டுப்பொறிகள் 3 மி.மீ ஒட்டுப்பலகையில் எவ்வளவு நுண்ணிய வடிவத்தையும் சில நிமிடங்களில் வெட்டுகின்றன. விலைக்குச் செய்யும் பெயர்ப்பலகைகள் பல இன்று இவ்வாறே உருவாகின்றன. எனினும் லேசர் வெட்டில் விளிம்பு கருகும். தடித்த திட்டமரத்தை வெட்டுவதும், சாய்வுப் பதிப்பு செய்வதும் சிறு லேசர் பொறிகளுக்கு எளிதன்று. கைவாளைக் கொண்டு தொடங்குவோருக்குச் செலவும் மிகக் குறைவு. மேலும் பரிசு என்னும் நோக்கில் பார்க்கும்போது, ஒருவர் செலவிட்ட நேரமே அப்பொருளின் மதிப்பாக அமைகிறது. கோட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகிய வளைவு அதன் குறையாகாது. அது கையால் செய்யப்பட்டது என்பதற்கான சான்று ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- மரவேலை
- தச்சர்
- மரச்சிற்பம்
- ஒட்டுப்பலகை
- கோலம்
- புவிசார் குறியீடு
- புதுச்சேரி